ஒரே வீடு, நான்கு தலைமுறை: மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா?

வாசகியின் கடிதம்

எழுதியிருப்பவருக்கு வயது 67. கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. தம் சம்பளத்தில் மனை வாங்கி அவர் கட்டிய வீட்டில் இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள்: 89 வயது மாமியார், வாசகி, 44 வயது மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் 20 வயதுப் பேத்தி, கணவரைப் பிரிந்து வந்து இரண்டு ஆண்டுகளாகத் தாய்வீட்டில் இருக்கும் 39 வயது மகள். கீழே இரண்டு அறை, ஒரு ஹால். மாடியில் ஓர் அறை. ஹாலில் மாமியாரின் கட்டில் கிடக்கிறது. அதன் ஓரமாகப் பாய் விரித்துப் படுக்கும் பேத்தி, விளக்கைப் போட்டால் பெரியவர் விழித்துக்கொள்வார் என்று இரவில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படிக்கிறாள்.

மாடியை முழுதாகக் கட்ட வங்கிக் கடன் வேண்டும், அதற்கு வீட்டை என் பெயருக்கு செட்டில்மெண்ட் (குடும்பத்தாருக்கு விலையில்லாமல் சொத்தை எழுதித் தரும் பத்திரம்) எழுதிக் கொடுங்கள் என்கிறார் மகன். பத்திர நகல் தயாராகிவிட்டது, பதிவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. தங்கை தனியாக வீடு பார்த்துக்கொள்ளட்டும், பாட்டியை நல்ல முதியோர் இல்லம் ஒன்றில் சேர்க்கலாம் என்ற பேச்சும் நடக்கிறது. மருமகளுக்கும் வாசகிக்கும் தினமும் ஏதாவது ஒரு மனக்கசப்பு. “வீட்டு வரி ரசீது என் பெயரில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு யாருக்கும் பாரமில்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. நாளை ஏதாவது நடந்தால் கலெக்டரிடம் மனு கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று தோழி சொல்கிறாள். அது உண்மையா? சீர் செய்து அனுப்பிய மகளுக்கு இந்த வீட்டில் உரிமை உண்டா? மருமகளை மட்டும் வெளியே போகச் சொல்ல முடியுமா?” என்று கேட்கிறார்.

வழக்கறிஞரின் பதில்

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறித்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். உங்கள் மகன் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. மகளுக்குப் படிக்க ஓர் அறை வேண்டும், அதற்கு மாடி கட்ட வேண்டும் என்று நினைக்கிற தகப்பன் அவர். அந்த எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் நீங்கள் இணைத்து அனுப்பிய பத்திர நகல் அடிப்படையிலேயே தவறானது. அதில் கையெழுத்துப் போட்டால் உங்களுக்கும் நன்மையில்லை, அவருக்கும் கடன் கிடைக்காது.

வீடு உண்மையில் யாருடையது?

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “வாரிசு சான்றிதழில் ஏனோ மாமியார் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.” இந்த விவகாரம் முழுவதற்கும் திறவுகோல் அந்த வரிதான். தாசில்தார் அலுவலகத்தில் தவறு ஏதும் நடக்கவில்லை. நீங்கள் இந்துக் குடும்பம் என்பதால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஓர் ஆண் தம் சுய சம்பாத்தியச் சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், அது மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்காகப் போகிறது. ஆகவே வீட்டில் கால் பங்கு உங்களுடையது, கால் பங்கு மகனுடையது, கால் பங்கு மகளுடையது. மீதிக் கால் பங்கு, ஹாலில் கட்டிலில் படுத்திருக்கும் உங்கள் மாமியாருடையது.

வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உங்கள் பெயரில் இருப்பதால் வீடு முழுவதும் உங்களுடையது ஆகிவிடாது. வரி யார் கட்டுகிறார் என்பதைத்தான் ரசீது காட்டும், உரிமையைக் காட்டாது. பத்திர எழுத்தரோ நகலில் “எனக்குப் பாத்தியப்பட்டு என் அனுபவத்தில் இருந்துவரும் வீடு முழுவதையும்” என்று எழுதியிருக்கிறார். உங்களிடம் இருப்பது கால் பங்கு. இல்லாத முக்கால் பங்கை நீங்கள் யாருக்கும் எழுதித் தர முடியாது. வங்கியின் சட்ட ஆலோசகர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டுவது), வாரிசு சான்றிதழ் மூன்றையும் கேட்பார். சான்றிதழில் நான்கு பெயர், செட்டில்மெண்டில் ஒரே கையெழுத்து என்று பார்த்தவுடன் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார். மகனிடம் பேச உங்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பேத்திக்கும் ஒரு வார்த்தை. தாத்தா சொத்தில் பேரப்பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். இது தாத்தாவின் சுய சம்பாத்தியம். அவளுடைய அப்பா உயிரோடு இருக்கும்வரை இதில் அவளுக்குத் தனிப் பங்கு இல்லை.

மகள் விருந்தாளியாக வந்தவர் அல்ல

“சீர் செய்து அனுப்பியாகிவிட்டது” என்ற வாக்கியத்தை என் அலுவலகத்தில் அம்மாக்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதே வார்த்தையைக் கேட்டுத்தான் அவர்களும் ஒரு காலத்தில் தங்கள் பிறந்த வீட்டை விட்டுக் கொடுத்திருப்பார்கள். நகை போட்டதும் கல்யாணச் செலவு செய்ததும் மகளின் வாரிசுப் பங்கைக் கழித்துவிடாது. திருமணமானவர், பிரிந்து வந்தவர், வேலைக்குப் போகிறவர் என்ற எந்த வேறுபாடும் சட்டத்தில் இல்லை. தந்தை வீட்டில் குடியிருக்கும் உரிமையில்கூட 1956-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் மகள்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அந்தப் பிரிவையும் 2005-இல் நீக்கிவிட்டார்கள். எனவே “வாடகை வீடு பார்த்துக்கொள்” என்று அவரிடம் சொல்லும் உரிமை உங்கள் மகனுக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை. அவர் கூட்டு உரிமையாளர்.

தாய்வீட்டில் இருப்பதால் கணவரிடம் ஜீவனாம்சம் கேட்கக் கூடாது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை. மகளின் சம்பளம் அவருடைய தேவைக்குப் போதுமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். இதற்குத் தனியாக ஒரு வழக்கறிஞரை அவர் பார்ப்பது நல்லது.

எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு திரும்ப வாங்கலாமா?

உங்கள் தோழி சொன்னது பாதி உண்மை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆவது பிரிவு இப்படி ஒரு வழியைத் தருகிறது: 60 வயது நிறைந்த ஒருவர், தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். மேல்முறையீடுதான் ஆட்சியரிடம் போகும்.

சிக்கல் ‘நிபந்தனையோடு’ என்ற இடத்தில் இருக்கிறது. பத்திரத்தில் அப்படி நிபந்தனை இருந்ததாக நிரூபிக்கப்படாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களைக் காக்க வந்த சட்டத்தைத் தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்த வழக்கில் தாயைக் கவனித்துக்கொள்வதாக மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழி கைகொடுத்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அன்பின் பேரில் எழுதும் செட்டில்மெண்டில் ‘கவனித்துக்கொள்வார்கள்’ என்ற நிபந்தனை உள்ளடங்கியே இருக்கிறது என்றது. காற்று உங்கள் பக்கம் வீசுகிறது, உண்மைதான். ஆனாலும் 70 வயதைத் தாண்டி, சொந்த மகனுக்கு எதிராக, அலுவலகப் படிக்கட்டு ஏறி வாதாடித்தான் அதைப் பெற வேண்டியிருக்கும். அதற்குள் வீடு வங்கியில் அடமானமாகியிருந்தால் பத்திரத்தை ரத்து செய்வது மேலும் சிக்கலாகும்.

உங்களிடம் உள்ள நகலில் நிபந்தனை ஒன்றுமே இல்லை. மாறாக, கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “மேற்படி சொத்தை இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணத்தைக் கொண்டும் ரத்து செய்ய எனக்குப் பாத்தியமில்லை.” வழக்கமாக எழுதப்படும் வாசகம்தான், எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘இன்று முதல்’ என்றால் கையெழுத்துப் போட்ட அன்று மாலையிலிருந்தே. உங்கள் பங்கில் அதற்குப் பிறகு நீங்கள் மகனுடைய அனுமதியில்தான் குடியிருப்பீர்கள். நினைத்தபோது ஒருதலையாக ரத்து செய்யவும் முடியாது. உயிலை மட்டும்தான் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

மருமகளைப் பற்றி

மருமகள் மேல் உங்களுக்கு உள்ள மனத்தாங்கலைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அவரை மட்டும் வெளியேற்றும் யோசனையைக் கைவிடுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், மணவாழ்க்கை நடந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. வீடு மாமியார் மாமனார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் கருவியாக்கி மருமகளின் இந்த உரிமையைப் பறிக்கக் கூடாது என்றும் அதே ஆண்டு டிசம்பரில் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டிலோ மகனே கால் பங்குக்காரர்.

நீங்கள் எழுதிய சண்டைகளை வரிசையாகப் பார்த்தேன். குக்கர், பால், துவைத்த துணியை யார் எடுப்பது, பாட்டிக்கு மாத்திரை கொடுக்க யார் மறந்தது. அடிதடி இல்லை, அவதூறு இல்லை. ஒரே அடுப்பில் நான்கு பெண்கள் சமைப்பதால் வருவதுதான் இவ்வளவும். மாடியில் தனிச் சமையல் வைத்துக்கொண்டாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும். தனி அடுப்பு வைத்தால் குடும்பம் பிரிந்துவிட்டதாக ஊர் பேசும் என்று தயங்காதீர்கள். மனம் கசந்து ஒரே பந்தியில் உட்கார்வதைவிட, இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சாப்பிடும் குடும்பம் எவ்வளவோ மேல்.

எல்லோரும் மறந்துவிட்ட ஒருவர்

உங்கள் மாமியாரை எங்கே வைப்பது என்று வீட்டில் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். அவரிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அவர் தெளிவாகப் பேசுகிறார், பேப்பர் படிக்கிறார் என்று நீங்களே சொல்கிறீர்கள். கால் பங்கு உரிமையுள்ள ஒருவரை, அவர் சம்மதமில்லாமல் இல்லத்தில் கொண்டுபோய் விட முடியாது. அவரே விரும்பிப் போனால் அது வேறு. நல்ல இல்லத்தில் நிம்மதியாக இருக்கும் பெரியவர்கள் பலர் உண்டு. அதை அவமானமாக நினைக்கத் தேவையில்லை.

உங்கள் சுமையைக் குறைக்கும் செய்தி ஒன்றும் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரைப் பராமரிக்கும் கடமை மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோருக்குத்தான். விதவையான மருமகளின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் உங்கள் கொழுந்தனாரும் நாத்தனாரும் அதில் வருகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக நீங்கள் அன்பினால் செய்ததை, அவர்கள் உங்கள் வேலை என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மருந்துச் செலவையும், பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்கும் செலவையும் அவர்களிடம் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. தவணைக்கு ஒரு மாதம் பாட்டி அங்கே போய் இருக்க விரும்பினால் அதையும் பேசலாம்.

சொத்து விஷயத்திலும் அவர்கள் வருவார்கள். மாமியார் உயில் எழுதாமல் காலமானால் அவருடைய கால் பங்கு மூன்றாகப் பிரியும்: கொழுந்தனாருக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, உங்கள் கணவருக்குரியது உங்கள் மகனுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒன்று. உங்களுக்கு அதில் எதுவும் வராது. இன்று நான்கு பேராக இருக்கும் உரிமையாளர்கள் அன்று ஐந்து பேராகி, அதில் இரண்டு பேர் வெளியூரிலும் இருப்பார்கள். ஆகவே அவர் தம் பங்கை என்ன செய்ய விரும்புகிறார் என்பதை இப்போதே, வற்புறுத்தாமல், கேட்டு வைப்பது எல்லோருக்கும் நல்லது. எழுதுவதாக இருந்தால் மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதட்டும். பயன்பெறுகிறவர் சாட்சியாக நிற்க வேண்டாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் 89 வயதில் எழுதுவதைப் பதிந்துவிடுவதே நல்லது.

சரி, மாடி கட்டுவது எப்படி?

எனக்குச் சரியாகப் படுவது பாகப்பிரிவினைப் பத்திரம். நான்கு பேரும் கையெழுத்திட்டு, மாடியையும் மொட்டைமாடியில் கட்டும் உரிமையையும் மனையில் பிரிபடாத ஒரு பங்கோடு மகனுக்கு ஒதுக்குங்கள். கீழ்த்தளம் உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும். படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, வாசல் ஆகியவை பொது என்று தெளிவாக எழுத வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு வழக்குக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். மதிப்பில் ஏற்றத்தாழ்வு வந்தால் பணமாக ஈடுகட்டலாம். மகன் தம் பாகத்தை மட்டும் வைத்துக் கடன் வாங்கட்டும். தவணை தவறினாலும் உங்கள் தலைக்கு மேல் உள்ள கூரை தப்பும். எல்லா வங்கியும் இப்படிப் பிரித்த பாகத்துக்குக் கடன் தருவதில்லை என்பதால், பத்திரம் எழுதுவதற்கு முன்பே மகன் வங்கியில் கேட்டுக்கொள்ளட்டும்.

வேறு வழிகளும் உண்டு. நான்கு பேரும் சேர்ந்து முழு வீட்டையும் அடமானம் வைத்து மகனுக்குக் கடன் வாங்கித் தரலாம். உரிமை யாருக்கும் மாறாது. ஆனால் கடன் வாராக்கடனாகிவிட்டால், வங்கிகளின் கடன் மீட்புக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி நீதிமன்ற வழக்கு இல்லாமலேயே அறிவிப்புக் கொடுத்து வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். 67 வயதிலும் 89 வயதிலும் அந்த அபாயத்தை ஏற்க நான் சொல்ல மாட்டேன். மகள் தனியே போக உண்மையிலேயே விரும்பினால், அவருடைய பங்குக்கு நியாயமான தொகையைக் கொடுத்து மகன் அவரிடம் விடுதலைப் பத்திரம் (தம் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கிக்கொள்ளலாம். தொகையே பேசாமல் ‘அண்ணனுக்காக’ என்று அவரிடம் கையெழுத்து வாங்க நீங்கள் துணை போகாதீர்கள்.

உங்கள் கால் பங்கை மகனுக்கே கொடுக்க வேண்டும் என்று மனம் சொன்னால், உயிலாக எழுதுங்கள். இல்லை, இப்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும். உங்கள் ஆயுள் முழுவதும் இந்த வீட்டில் வசிக்கவும் அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. உணவு, உடை, மருத்துவம், தங்குமிடம் ஆகியவற்றை மகன் கவனிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்பது மற்றொன்று. ஆயுட்கால உரிமையை வைத்துக்கொண்டு கொடுக்கும் தானம் செல்லும் என்று 2014-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இப்படி எழுதினால் அந்தப் பங்கின் மேல் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். அதனால்தான் பாகப்பிரிவினையை முதலில் சொன்னேன். எதைச் செய்தாலும், உங்கள் பெயரில் உள்ள வைப்புத்தொகையைக் கட்டடச் செலவுக்கு உடைக்காதீர்கள்.

‘யாருக்கும் பாரமில்லாமல்’ என்று எழுதியிருந்தீர்கள். சொந்தப் பங்குள்ள வீட்டில், 89 வயது மாமியாரையும் பிரிந்து வந்த மகளையும் தாங்கிக்கொண்டிருப்பவர் நீங்கள். அந்த வீட்டில் உட்காரும் இடத்துக்கு விலையாக நீங்கள் எதையும் எழுதித் தர வேண்டியதில்லை. மகன் உங்களைக் கவனித்துக்கொள்வது ஒரு விஷயம், வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு விஷயம். இரண்டையும் முடிச்சுப் போட்ட குடும்பங்களில்தான் பிறகு இரண்டுமே கெட்டுப்போவதைப் பார்க்கிறேன்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்று தயக்கமாக இருந்தால், வாரிசு சான்றிதழை எடுத்து மேசையில் வையுங்கள். “நாலு பேர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் செல்லாதாம், வா, சரியாக எழுதுவோம்” என்று மட்டும் சொல்லுங்கள். நம்பிக்கை, அவநம்பிக்கை என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். மகள், மாமியார் இருவரையும் வைத்துக்கொண்டே பேசுங்கள். பேத்தியும் உட்காரட்டும், அவளுக்கும் 20 வயதாகிறது. மாடி வருவதற்குள் அவள் எங்கே படிப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். உங்கள் அறையில் மாமியாரின் கட்டிலைப் போட்டுவிட்டு ஹாலை இரவில் அவளுக்கு விட முடியுமா என்று பாருங்கள்.

வழக்கறிஞர் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மூலப்பத்திரம், இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களோடு போய்ப் பாருங்கள். அவர்கள் சமரசப் பேச்சுக்கும் ஏற்பாடு செய்வார்கள். இதற்கிடையில் கையெழுத்துக்காக யாராவது மிரட்டினாலோ, சாப்பாடு மருந்தை நிறுத்தினாலோ, 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள். பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மனு செய்யலாம். அதை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டும் இன்னும் 30 நாட்கள் நீட்டிக்கலாம்.